சகலை வண்டி ஏறிய மேடு

லிஃப்ட்காரர் பல வருடங்களாக ஊராரை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பவர். அவர் கை பட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதாகப் பேச்சே இல்லை. அப்பேர்ப்பட்டவரின் மகள், குடியிருப்புக்குப் பின்னாலிருந்த மண்மேட்டின் பாதியில் நின்றுகொண்டு, "அப்பா, வந்து தள்ளு!" என்று கத்தினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

மகள் உட்கார்ந்திருந்தது சிறுவர்களுக்கென்றே செய்த ஏடிவி. நாலு சக்கரம், கியர் மாற்றும் வேலை கிடையாது, கட்டைவிரலால் விசையை அழுத்தினால் தானாகப் போகும். மேட்டைக் கண்டால் மட்டும் முக்கி முனகி நின்றுவிடும். நிற்கட்டுமே, அதுகூடப் பரவாயில்லை. நிறம் மட்டும் சிவப்பான அதே வண்டி, சகலையின் மகளைச் சுமந்துகொண்டு விறுவிறுவென்று ஏறி உச்சியில் நின்று ஹாரன் அடித்தது. லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டது அங்கேதான்.

சகலைக்குத் திரைச்சீலை வியாபாரம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ஆள்.

"நான் ஒண்ணுமே பண்ணல சகலை. வாங்கினதுலேர்ந்து இப்படித்தான். சில பேருக்கு வண்டி அப்படி அமையும். ராசி!"

ராசியாம். அன்று லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா வீட்டு வண்டி நல்லா ஏறுதாமே?" என்றாள் மனைவி.

"போய்த் தூக்கிட்டு வந்து நடுவீட்டுல வெச்சுக்கோ."

"ஏங்க, வண்டியில வர வேண்டிய புகை உங்க காதுல வருது."

மறுநாளே இன்ஜினின் பக்க மூடியைக் கழற்றினார். பெல்ட்டைப் பிடித்திருக்கும் வட்டுக்குள் ஆறு சின்ன உருளைகள். இன்ஜின் சுற்றச் சுற்ற அவை வெளியே ஒதுங்கி, பெல்ட்டை நகர்த்தி, வேகத்தைக் கூட்டும். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. இதுதானா விஷயம்! லிஃப்டில் மறுபக்கம் எடை தொங்கினால்தானே பெட்டி சுலபமாக மேலே வரும்? எடையைக் கூட்டு, வண்டி ஏறும். ஆறு கனமான உருளைகளைத் தேடிப் பிடித்து மாட்டினார்.

அடுத்த ஞாயிறு வண்டி மேட்டின் அடிவாரத்திலேயே படுத்துக்கொண்டது. உச்சியிலிருந்து சகலை குரல் கொடுத்தார்.

"கயிறு வேணுமா சகலை? கடையில திரைக்கயிறு நிறைய கிடக்கு!"

திங்கட்கிழமை லிஃப்ட்காரர் உதிரிபாகக் கடையில் நின்றார். கடைக்கார அக்கா சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"கனமா போட்டா இன்ஜின் வேகம் பிடிக்கிறதுக்குள்ள உருளை ஒதுங்கிடும் அண்ணே. மேட்டுல மூச்சு முட்டும். லேசா போடுங்க. உங்க சகலைகூடப் போன மாசம் அதைத்தான் வாங்கிட்டுப் போனாரு. வண்டி ஏறவே மாட்டேங்குதுன்னு அழாத குறை."

லிஃப்ட்காரரின் காதில் தேன் பாய்ந்தது. வயிறு மட்டும் எரிந்தது. ராசியா? இருக்கட்டும்.

"அதைவிட லேசா இருக்கா அக்கா?"

"இருக்கு. ஆனா..."

"குடுங்க."

அந்த 'ஆனா'வைக் காதில் வாங்க அவருக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விசையைத் தொட்டதும் வண்டி துள்ளிக் கிளம்பியது. மகள் மேட்டின் உச்சியில்; சிவப்பு வண்டி இன்னும் பாதியில். சகலையின் முகம் சுருக்கம் விழுந்த திரை மாதிரி ஆயிற்று. லிஃப்ட்காரர் மீசையைத் தடவினார்.

"ராசி, சகலை!"

மேட்டிலிருந்து இறங்கி வீடு திரும்பும் வழி சமதரை ரோடு. அங்கே அந்த 'ஆனா' வெளியே வந்தது. இன்ஜின் ஊரைக் கூட்டியது, வண்டி ஊர்ந்தது. சிவப்பு வண்டி சர்ரென்று தாண்டிப் போயிற்று.

"சத்தம் பிரமாதம் சகலை!" என்றார் சகலை. "உங்க பொண்ணு வீடு வந்து சேர்ந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

மறுபடி திங்கட்கிழமை, மறுபடி அதே கடை. உள்ளே ஏற்கெனவே சகலை. இருவர் கையிலும், வண்டியிலிருந்து கழற்றிய உருளைகளின் பொட்டலம். ஒரே நேரத்தில் இருவரும், "ஒரு ஃப்ரெண்டுக்கு..." என்று ஆரம்பித்தார்கள்.

அக்கா இரண்டு பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தாள்.

"உங்க சகலைக்கு மேடு ஏறணும், உங்களுக்கு ரோட்டுல ஓடணும் அண்ணே. புதுசு எதுக்கு? உங்களோடதை அவர்கிட்ட குடுங்க, அவரோடதை நீங்க எடுங்க. ரெண்டு பேரும் நடையைக் கட்டுங்க."

வேண்டாவெறுப்பாக மாற்றிக்கொண்டார்கள். மறுபடி ஞாயிறு வந்தது. சிவப்பு வண்டி உச்சியை முதலில் தொட்டது. சமதரையில் லிஃப்ட்காரரின் மகள் காற்றாய்ப் பறந்து வந்து நின்றாள்.

"அப்பா, அவளைத் தாண்டிட்டேன், பார்த்தியா?"

"மேட்டுலயா?"

"இல்ல, ரோட்டுல!"

"ரோடு யாருக்கு வேணும்?" என்றார் லிஃப்ட்காரர், மேட்டையே பார்த்தபடி.

நாலடி தள்ளி, சகலையும் தன் மகளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடு யாருக்கு வேணும்?"