வயதை மறைத்த ஞாயிறுகள்

கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. சும்மா இருக்காமல் ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன். பொறுமையாக விளக்கினார். மூச்சு விடும்போதும் சோறு செரிக்கும்போதும் உடம்புக்குள் துருப் பிடிப்பது போல ஓர் அரிப்பு நடந்துகொண்டே இருக்குமாம். அதைத் தடுக்கிற சரக்கையும் உடம்பே தயாரித்துக்கொள்ளும். வயதாக ஆகத் தயாரிப்பு குறையும். அரிப்பு மட்டும் ஓயாது.

"மாத்திரையில சரியாயிடுமா?"

"அப்படிச் சொன்னா நம்பாதீங்க. கீரை, பழம் சாப்பிடுங்க, கொஞ்சம் தாங்கும். போன வயசு திரும்பாது. வீட்ல யாரு சமைக்கிறாங்க?"

"நான்தான்."

மனைவி போய்ச் சேர்ந்தபின் அப்படித்தான்.

பாரிஸில் இருக்கும் மகளிடம் புரை விஷயத்தை விழுங்கிவிட்டு, பழம் சாப்பிடச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வருவதாக இருந்தது. அதை நினைத்தே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் எதற்கு அவளைப் பயமுறுத்துவது?

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் எங்கள் தலத்தெரு; எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில்தான். ஞாயிறு மாலையானால் பெற்றவர்கள் செல்போனுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவோம். நானும் காலையில் சர்ச் பூசைக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமல், மீசைக்கு மை அடித்துக்கொண்டு, எதிரே பப்பாளியும் கொய்யாவும் மாதுளையும் அடுக்கி வைப்பேன். அவளுக்குக் காட்டத்தான். ஒற்றை ஆளுக்காக ஒரு பப்பாளியை அறுக்க மனம் வருவதில்லை. பேசி முடித்ததும் தட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடும். எனக்கு மூன்று நாளாகச் சுடவைத்த புளிக்குழம்பு.

போன ஞாயிறு என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, போன வருஷத்தவிட இளமையா இருக்கீங்க. உங்களப் பத்திக் கவலையே இல்லப்பா. பிள்ளைக்குப் பரீட்சை வருது. அடுத்த வருஷம் வரட்டுமா?"

"அதுக்கென்னம்மா, மெதுவா வாங்க. நான் எங்க ஓடப் போறேன்?"

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் மேல் என்ன தப்பு? வாராவாரம் மை பூசி உட்கார்ந்தவன் நான். என் மேலேயே எனக்கு அத்தனை கோபம்.

கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னப்பா? என்னாச்சு?"

கண் மங்குகிறது, தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. கை பட்டுடுச்சு."