டிம்ப்னா தூக்கிப் போடாத படம்

அரசியல்வாதி படங்களைப் பொறுத்தவரை டிம்ப்னாவுக்கு ஒரு கணக்கு உண்டு: கேமரா இருப்பது ஆளுக்குத் தெரிந்திருந்தால் அது குப்பை. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஆயுள் முழுக்கப் படம் பிடித்தவள் அவள். ரிப்பன் வெட்டுகிறவர், கன்றுக்குட்டியைத் தடவுகிறவர், எல்லாரும் பத்திரிகையில் வருவார்கள். மறுவாரமே அவள் கையால் குப்பைக்கும் போவார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தாள்.

அது எங்கள் ஊர்க்காரர் மார்ட்டினின் சாவில் எடுத்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடியவர் அமைச்சர் டெவனி. மாரடைப்பு வந்த மார்ட்டினுக்கு அடுத்த ஊருக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஓட்டுக் கேட்க வராவிட்டாலும் எங்கள் ஜனங்கள் மன்னிப்பார்கள். சாவுக்கு வராவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். அதனால் டெவனியும் வந்தார், வெட்கங்கெட்ட மனுஷன். தேவாலயத்தில் வரிசையில் நின்று, முன் பெஞ்சில் இருந்த மார்ட்டினின் மனைவி அட்ராக்டாவின் கையைப் பிடித்தார். குனிந்தார். உதடு துடித்தது போலிருந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து டிம்ப்னா எடுத்துவிட்டாள்.

"அந்தாளுக்கும் மனசாட்சி இருக்குய்யா, நானே எதிர்பார்க்கல," என்றாள் என்னிடம்.

முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டோம். தோற்றுப்போவார் என்று எல்லாரும் நினைத்திருந்தவர் அடுத்த மாதத் தேர்தலில் ஜெயித்தார். அவசரப் பிரிவு இன்றுவரை திறக்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஓய்வு பெற்ற வாரம் டிம்ப்னா அந்தப் படத்தைக் கழற்றி அட்ராக்டாவிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அட்ராக்டா, படத்தைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே?"

"உங்களுக்குத்தான். நான் எடுத்ததுலயே இது ஒண்ணுதான் நிஜம். பாருங்க, அழுறாரு. நான் இருந்ததே அவருக்குத் தெரியாது."

"அழுதானா? குனிஞ்சு என் காதுல என்ன கேட்டான் தெரியுமா? 'பத்திரிகைக்காரப் பொண்ணு எங்க நிக்கிறா?'ன்னான். நானும் 'தூணுக்குப் பின்னால'ன்னு சொல்லித் தொலைச்சேன். அப்புறம்தான் என் கையை விடவே இல்ல."

டிம்ப்னாவின் முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லாம என்ன? கூடப் பொறந்த தங்கச்சிகிட்டயே சொன்னேன். 'துக்கத்துல உளர்றே, அவரு அழுறதுதான் படத்துல தெரியுதே'ன்னுட்டா. அவ ஓட்டும் அவனுக்குத்தான்."