கரும்புக் கொல்லையில் நின்ற விமானங்கள்

பேய், சகுனம், முன்னறிவிப்பு எதையும் நம்பாதவள் நான். படித்தது மின்னணுப் பொறியியல். அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

1. தயாரித்தவர்களே கைவிட்டுவிட்ட ஒரு பழைய போர் விமான கம்ப்யூட்டர் கேமுக்கு, நானும் நண்பன் அருளும் எங்கள் பாகூர் வட்டாரத்தையே செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடமாகச் செய்துகொண்டிருந்தோம்.

2. குருவிநத்தத்தில் அருள் வீட்டார் புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருந்த கரும்புக் கொல்லையின் மேல், வேடிக்கைக்காக ஓடுதளத்தைப் போட்டோம்.

3. கம்ப்யூட்டரே ஓட்டும் ஐந்து விமானங்களும் பாதி ஓடுதளத்தில் ஒரே இடத்தில் நின்றுவிட்டன.

4. ஓடுதளத்தை நீளவாக்கில் இருபது மீட்டர் தள்ளிப் போட்டேன். அப்போதும் நிலத்தின் அதே புள்ளிக்கு முன்னால்தான் நின்றன.

5. அருளின் கம்ப்யூட்டரிலும் அப்படியே.

அங்கே மரமோ கல்லோ வைக்கவில்லை, கோப்புகளை வரி வரியாகப் பார்த்துவிட்டேன், பிறகு எதற்கு நிற்க வேண்டும் என்று இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அந்தப் புள்ளியைப் போனில் குறித்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன்.

கரும்பு வெட்டி முடிந்திருந்த கொல்லையில் அருளின் அண்ணன் சேகர் முதல் உழவு ஓட்டிக்கொண்டிருந்தார். அருள் வரப்பில் நின்றான். போன் காட்டிய இடத்தில் மண்ணும் காய்ந்த கரும்புச் சோகையும்தான். அடுத்த உழவுச் சாலில் டிராக்டர் நேராக அங்கேதான் வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது, குறுக்கே போய் நின்றேன்.

“இன்னாம்மா, ஓரம் போ.”

“இங்க மட்டும் ஓட்டாதீங்கண்ணா.”

“ஏன்?”

பொய் ஒன்றும் தோன்றவில்லை. “கேம்ல எல்லா ஏரோப்ளேனும் இங்க வந்து நிக்குது.”

அவர் அருளைப் பார்த்தார். “இன்னாடா, நல்லாதான இருந்துச்சி இந்தப் பொண்ணு?”

அருள் சிரிக்கவில்லை. “ஒரு வாட்டி குத்திப் பாத்துடுண்ணா.”

சேகர் அண்ணன் கடப்பாரையோடு இறங்கினார். “ஒண்ணும் இல்லன்னா மீதிக் கொல்லைய நீதாம்மா ஓட்டணும்.”

முதல் குத்திலேயே கடப்பாரை அவர் கையை விட்டுப் போய்விட்டது. கொஞ்சம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

பாழுங்கிணறு. யாரோ எப்போதோ பனைமரத் துண்டுகளைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள், துண்டுகள் உளுத்துப்போயிருந்தன. டிராக்டரின் முன்சக்கரம் அதற்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. சேகர் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் வண்டியைத் தொடவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் பதிவாகியிருக்கும் என்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் தேடினேன். படத்தில் இருந்தது வெறும் கரும்புப் பச்சை. எங்களிடம் இருந்த நில உயரக் கணக்கு முப்பது மீட்டருக்கு ஒரு எண்தான், கிணற்றின் வாய் எட்டு அடிகூட இருக்காது. தவிர, ஓடுதளத்துக்காக மொத்த நிலத்தையும் நானே சமமாக்கியிருந்தேன்.

அந்த வாரமே மண் அடித்துக் கிணற்றைத் தூர்த்தார்கள். அன்று மாலை கேமைத் திறந்தேன். ஐந்து விமானங்களும் நிற்காமல் ஓடி எழும்பின.

வரைபடத்தின் பிழைகளைக் குறித்துவைக்கும் எங்கள் பட்டியலில், விமானங்கள் நின்ற அந்த ஒரு வரி மட்டும் பாக்கி. ‘சரிசெய்தாயிற்று’ என்று போடச் சொல்கிறான் அருள். நான் கோப்பில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. வரைபடத்தை இன்னும் வெளியிடவில்லை.