மடி நிறைந்த காலி டப்பாக்கள்

எழுபதுகளின் பிற்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸில் இருந்த என்னை புரோகிராம் எழுதப் போட்டிருந்தார்கள். சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. அட்டைகளில் துளை போட்டு, ரயிலில் சுமந்துபோய், நகரத்தில் வாடகைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவோம்.

ஒரு பம்ப்புக்கு எத்தனை நட்டு, எத்தனை வாஷர் வேண்டும் என்று கணக்கு வர வேண்டும். பம்ப்புக்குள் மோட்டார், மோட்டாருக்குள் வேறு பாகங்கள் என்று பிரித்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே இன்னொரு பாகம் வந்தால் என் புரோகிராம் தன்னையே மறுபடி கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம், பாதியில் விட்ட பாகத்தின் விவரம் முழுவதையும் மெமரியில் வைத்துக்கொள்ளும். சின்ன பம்ப்புக்கு ஓடியது. பெரிய பம்ப்பைக் கொடுத்தால் மெமரி நிரம்பி நின்றுவிடும். சனியன்.

மேனேஜர் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம ஓடலைன்னா கிளார்க்குங்களே கையால போடட்டும்யா. நீ ஸ்டோர்ஸுக்கே போயிடு."

ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஆபீஸ் நண்பனுக்குக் கல்யாணம். போகாவிட்டால் திட்டுவான் என்று போய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் எங்கள் ஆபீஸ் ஆட்கள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மேடையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பிரித்தான். உள்ளே நாலைந்து டப்பா. ஒன்றைப் பிரித்தால் அதற்குள்ளும் சில. அவன் காலி டப்பாவையும் கீழே போடாமல் மரியாதையாக மடியில் அடுக்கினான். மடி நிறைந்து எல்லாம் சரிந்து உருண்டன.

"இன்னா மச்சான், இப்பவே கை நடுங்குது?" என்றான் ஒருவன்.

அதுவரை தலை நிமிராத மணப்பெண் பொறுக்காமல் சொன்னாள்: "காலி டப்பாவ இன்னாத்துக்கு மடியில வெச்சினுகிறீங்க? அத்த தூக்கிப் போடுங்க. பிரிக்காதத மட்டும் வெச்சிக்கங்க."

மண்டபமே சிரித்தது. நான் எழுந்து, "அதேதாம்மா!" என்று கத்திவிட்டேன்.

"யோவ், அவ என்னைத்தான் அதட்டுறா. உனக்கு இன்னாய்யா ஆச்சு?" என்றான் மாப்பிள்ளை.

என்ன ஆச்சு? வழி கிடைத்தது! புரோகிராம் தன்னைக் கூப்பிடவே வேண்டாம். பிரிக்காத பாகங்களை மட்டும், ஒவ்வொன்றும் எத்தனை என்பதோடு, மெமரியில் அடுக்கினால் போதும். மேலே இருப்பதை எடு, பிரி, நட்டு, வாஷரைக் கணக்கில் சேர், மற்றதை அடுக்கில் போடு, பிரித்ததை மறந்துவிடு. அடுக்கு காலியானால் வேலை முடிந்தது. கடைசி டப்பாவில் பால்புட்டி வந்து எல்லோரும் ஆர்ப்பரித்தபோது, நான் பந்தியில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே புது அட்டைகளில் துளை போட்டு நகரத்துக்குப் போனேன். பெரிய பம்ப்பின் கணக்கு கடைசி வாஷர் வரை அச்சாகி வந்தது. மேனேஜர் தாளைப் புரட்டிவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்று சிரிப்புதான் வந்தது.

முடிந்ததைக் கீழே போட வேண்டும் என்பது சின்ன விஷயம்தான், ஆனால் அது என் மண்டையில் ஏற ஒரு கல்யாணமே தேவைப்பட்டது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.