குணம் அண்ணையின் மணிக்கட்டு

குணம் அண்ணை போய்விட்டார். இன்று விடியற்காலை, வில்லியே லே பெல்லில், அவருடைய வீட்டில்.

ஒரு காலத்தில் எங்களோடு வேலை செய்த யூசுப் போன் செய்து சொன்னான்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில், பிரான்ஸில், லா ஷப்பல் மெட்ரோவுக்குப் பின்தெருவில், ஒரு சின்ன ரெஸ்டோரண்டில் தட்டுக் கழுவினார். மத்தியானங்களில் நான் அங்கே பரிமாறினேன். மற்ற நேரம் பல்கலைக்கழகம், சர்வதேச உறவுகள். இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அடுப்பில் யூசுப், நப்லூஸ்காரன், அரபி. எதிர் மேசையில் அவி, ஹைஃபாக்காரன், யூதன். ரொட்டியும் கேக்கும் அவன் பொறுப்பு.

பிரான்ஸில் காலையில் வேலைக்கு வந்தால் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். அண்ணையின் கை எப்போதும் ஈரம். அதனால் விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார். நாங்கள் அதைப் பிடித்துக் குலுக்குவோம். சவர்க்கார வாசம்.

எண்பத்தேழு முடிகிற குளிர்காலம். ரேடியோவில் காஸா. அவி ஒன்று சொன்னான். யூசுப் ஒன்று சொன்னான். ஒரு தட்டு உடைந்தது.

அடுத்த நாள் இருவரும் கை கொடுக்கவில்லை. பேச்சும் நின்றது.

முதலாளியம்மா நீளமாகப் பேசுகிறவர் இல்லை. இன்னொரு சண்டை வந்தால் யூசுப் போகலாம் என்றார். அவனுக்கு அது பொபினி அரசு அலுவலகத்தில் வதிவிடக் கார்டு புதுப்பிக்க வேண்டிய நேரம். வேலைக் கடிதம் இல்லையென்றால் கார்டு இல்லை. கார்டு இல்லையென்றால், திரும்பிப் போக அவனுக்கு ஒரு நாடும் இல்லை.

சமாதானம் செய்ய நான் இறங்கினேன். படித்தவள் அல்லவா.

ஆறு அம்சங்களில் ஓர் உடன்படிக்கை தட்டச்சு செய்தேன். ரொட்டி அடுப்பு யாருக்கு எத்தனை மணிக்கு, ரேடியோ யார் கையில்... நல்ல பிரெஞ்சு. முன்னுரைகூட உண்டு.

அவி முதல் வரியைப் பார்த்தான். யூசுப்பின் பெயர் முன்னால். கையெழுத்து வைக்கவில்லை. பெயர்களை மாற்றி அடித்தேன். யூசுப் வைக்கவில்லை.

அண்ணை அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே செருகினார். மேசை ஆடுவது நின்றது. என் உடன்படிக்கையின் ஒரே பலன்.

பிறகு அவரே தூது போகத் தொடங்கினார். அவரிடம் நூறு பிரெஞ்சுச் சொல் இருந்திருக்கும், எல்லாம் சமையலறைச் சொல். அந்த மடையன் என் கத்தியில் கை வைத்தால் நடப்பது வேறு என்று அவி பொரிந்து தள்ளுவான். மூன்று அடி தள்ளி யூசுப்பிடம் போய்ச் சேரும்போது, கத்தி அவியுடையது என்பது மட்டும் மிஞ்சியிருக்கும்.

வசவுக்கு அவரிடம் சொல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை யூசுப்பிடம் போய், அவி பர்தோன், அதாவது மன்னிப்பு, சொல்கிறான் என்றார். அவியிடம் போய், யூசுப் பர்தோன் சொல்கிறான் என்றார். அன்று காலை இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். முதலாளியம்மா கதவடியில் நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை கடிதம் தருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை, பதினொரு மணிச் சாப்பாடு. அவி யூசுப்பைப் பார்த்து, நீ முதலில் மன்னிப்புக் கேட்டது பெரிய விஷயம் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

யூசுப் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். நானா? நீயல்லவா கேட்டாய்...

இரண்டு தலைகளும் கழுவுத்தொட்டிப் பக்கம் திரும்பின. அண்ணை முதுகைக் காட்டியபடி, ஏற்கெனவே கழுவிய ஒரு சட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா பக்கத்து அறையில். சத்தம் போட முடியாது. இருவரும் அவரை ரகசியக் குரலில் திட்டினார்கள். ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடங்கினான். ஒரு சொல் வராமல் யூசுப் திணறியபோது அவி எடுத்துக் கொடுத்தான்.

நான் தமிழில் கேட்டேன், ஏன் அண்ணை இப்படிச் செய்தீங்கள் என்று.

"ரெண்டு பேரும் சொல்ல நினைச்சவங்கள்தான், தங்கச்சி. ஆர் முதல் எண்டதுதானே கரைச்சல். நான் அதை எடுத்துப்போட்டன்."

கதவு திறந்தது. என்ன நடக்கிறது என்று கேட்டார் முதலாளியம்மா.

ஒன்றுமில்லை, நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றான் அவி.

நாங்கள்.

வெள்ளிக்கிழமை கடிதம் கிடைத்தது. பிறகு கார்டும்.

அந்த மாதங்களில் அண்ணைக்கு வீட்டிலிருந்து கடிதம் இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். எங்கள் ஊருக்கும் வெளியிலிருந்து ஒரு சமாதானம் வந்திருந்தது... முதலில் கையெழுத்தாக, பிறகு பட்டாளமாக. நான் அதைப் பற்றிப் படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவரிடம் அபிப்பிராயம் கேட்டேன். வெட்கமில்லாமல்.

"கையெழுத்து வைச்ச ஆக்கள் வீட்டை போய்ச் சேர்ந்திட்டினம்" என்றார். "எனக்கு அப்பிடியில்லை. பிழை விட்டாலும் நாளைக்கு இவங்கட முகத்தில முழிக்கவேணும்."

முழித்தார். திட்டு வாங்கிய மறுநாள் காலை, கழுவுத்தொட்டியிலிருந்து வந்து இரண்டு மணிக்கட்டையும் நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் அசையவில்லை. பிறகு யூசுப் ஒன்றைப் பிடித்தான். அவி மற்றதைப் பிடித்தான். தரையெல்லாம் நுரை.

கட்டுரையை நான் முடிக்கவில்லை.

பிள்ளைகள் பிறகு வந்து சேர்ந்தார்கள், மனைவியும். அவி ஹைஃபாவுக்குத் திரும்பிவிட்டான். யூசுப் பிரான்ஸிலேயே, பொண்டியில், பேரப்பிள்ளைகளோடு.

கொஞ்சக் காலமாக அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. செய்தி பார்க்கிற யாருக்கும் தெரியும்.

இன்று காலை போனை வைக்கும்முன், அவிக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

யூசுப்புக்குப் பின்னால் ஏதோ குழந்தை கார்ட்டூன் பார்க்கிற சத்தம்.

"வேண்டாம்" என்றான். "நானே அவனுக்குப் போன் எடுக்கிறேன்."

போய்ட்டு வாங்கோ, அண்ணை. கை ஈரமெண்டாலும் பரவாயில்லை.