ஈரப் புல்லுக்கான சப்பாத்து

பிற்பகல் மூன்று பத்துக்கு என் மகளின் இடது சப்பாத்தின் அடி பிளந்தது. நெடுந்தீவில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம். இடைவேளை முடியப்போகிறது. புங்குடுதீவிலிருந்து படகேறி வந்த எங்கள் அணியில் மாற்றி இறக்க ஆளில்லை.

என் பையில் இன்னொரு சோடி இருந்தது. கனடாவில் மைத்துனரின் மகன் ரக்பி ஆடிவிட்டுக் கழித்தது, பொதியில் வந்தது. பொதியில் வருவது எந்த விளையாட்டுக்கு என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. காலுக்கு அளவென்றால் போட்டுப் படமெடுத்து அனுப்பிவிட வேண்டும். அந்தப் படத்துக்காகத்தான் கொண்டுவந்திருந்தேன்.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் நீளமான இரும்புக் குமிழ்கள்.

"அப்பா, இது ரக்பிக்குப் போடுறதெல்லே. ரீச்சர் வேண்டாம் எண்டவ."

ஆசிரியை சொன்னது எனக்கும் தெரியும். இரும்புக் குமிழ் ஈரப் புல்லில் புதைந்து பிடிப்பதற்கானது. கிரிக்கெட்டுக்கு வேறு முள். இந்த இறுகிய முருகைக்கல் தரைக்குச் சின்னச் சின்ன இறப்பர் குமிழ்கள் நிறைய இருக்க வேண்டும். ஆனாலும் வெறுங்காலைவிட இது மேல் என்று நினைத்தேன். விலை கூடிய சப்பாத்து வேறு. போடச் சொன்னேன். நடுவர் எல்லோருடைய சப்பாத்தின் அடியையும் ஆட்டத்துக்கு முன்பே பார்த்து முடித்திருந்தார். ஆசிரியை மைதானத்தின் மறுபக்கம் நின்றார்.

குமிழ்கள் தரையில் இறங்கவேயில்லை. ஓட்டுக் கூரையின் மேல் நடப்பவள்போல ஓடினாள். பந்தை மறிக்கப் போனவளால் நிற்க முடியவில்லை. சறுக்கிப் போய் எதிரணிப் பிள்ளையின் கணுக்காலுக்கு மேலே மிதித்தாள். அந்தப் பிள்ளையின் காலுறை சிவந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே கண்டேன்.

லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். தசைநார் அறுந்திருந்தால் உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்று தாதி சொன்னார். வெளியே சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடலில் அந்தக் காலோடு ஒரு பிள்ளையை எப்படி ஏற்றுவது என்பதைத் தவிர வேறொன்றையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

விறாந்தையில் நின்ற பெண்களில் ஒருத்தி எங்கள் பக்கம் பார்த்துக் கேட்டாள்: "பந்தடிக்க வந்தனீங்களோ, நிலம் உழ வந்தனீங்களோ?"

திரும்பிப் போகக் காத்திருந்த படகுக்காரர் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். மற்றப் பிள்ளைகளோடு ஆசிரியையைப் போகச் சொன்னேன். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், கேட்டதாகவே தெரியவில்லை. கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் இரும்பு சீமெந்தில் உரசியது.

காயப்பட்ட பிள்ளையின் தாயைத் தேடி ஆள் போயிருந்தது. தீவின் மேற்குக் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர், யாரோ ஒருவரின் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து இறங்கினார். எங்களைப் பார்க்காமலே உள்ளே போனார். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். அடுக்க அடுக்கக் குலைந்தது.

வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தார். என் மகளின் கால்களைத்தான் முதலில் பார்த்தார்.

"தசைநாருக்கு ஒண்டுமில்லையாம் அண்ணை. தைச்சாச்சு. உங்கட பிள்ளை எங்கையெண்டு இவள் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள், உள்ள வரச் சொல்லுங்கோ. அந்தச் சப்பாத்தைக் கழட்டி வெளியில வைச்சிட்டு வரட்டும்."