ஆள் வரவில்லை என்றால் நல்ல சேதி

இன்று சித்திரபுரத்திலிருந்து மூணாறுக்கு ஜீப்பில் போனேன். பக்கத்தில் தங்கராசு மாமா. எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடிப்பவர்; லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்களோடு குடியிருப்பவர்.

போனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவு வந்தது. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்துவிட்டதாம். படத்தில் பொன்னாடை, கேக். கட்டுரை, மருந்தடிப்பவர்களின் ரத்தத்தில் கலந்திருக்கும் விஷத்தைப் பற்றியது.

"மாமா, இவங்கதானே நம்ம லயத்துக்கு வந்து ரத்தம் எடுத்தது?"

எட்டிப் பார்த்தார். "ஆமா, இந்தப் புள்ளதான் ஊசி குத்துச்சு. வலிக்கவே இல்ல."

"ரிசல்ட் சொன்னாங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. இருந்தா ஆள் அனுப்பியிருப்பாங்கல்ல?"

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்படித்தான். ரத்தத்தில் கோளாறு என்றால் லயத்துக்கு ஆள் வரும். வராவிட்டால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். மாமாவும் போய்க்கொண்டிருக்கிறார்.

கட்டுரையைத் திறந்தேன். பலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது, உடனே சிகிச்சை வேண்டும் என்கிறது. யாருக்கு என்று இல்லை. பெயரை வெளியிடக் கூடாதாம், ஆராய்ச்சி நெறி. கடைசியில், 'ஒத்துழைத்த தொழிலாளர்களுக்கு நன்றி.'

"ஆஸ்பத்திரியில ஒருக்கா பாத்துருவோம் மாமா."

"எதுக்கு? அதான் அவங்க பாத்துட்டாங்களே."

பல்கலைக்கழகப் பதிவின் கீழே வாழ்த்துகள் குவிந்துகிடந்தன. நானும் எழுதினேன்: "எங்கள் லயத்துக்கு எப்போது ஆள் அனுப்புவீர்கள்?"

சற்றுமுன் அதற்கு ஓர் இதயக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஆள் வந்தால் கெட்ட சேதி, வராவிட்டால் நல்ல சேதி. இதயம் வந்தால் என்ன சேதி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாமாவிடம் சொல்ல வேண்டும்.